செல்ஃப் என்கிற சொல்

1

காசோலையில் பெறுபவர் பெயர் எழுதும் கோட்டில் 'செல்ஃப்' என்று எழுதினால், கணக்கு வைத்திருப்பவர் தன் பணத்தைத் தானே எடுத்துக்கொள்கிறார் என்று அர்த்தம். திருவண்ணாமலையில் ஒரு வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து இந்தச் சொல்லை நான் தினமும் பார்க்கிறேன். பார்க்கிறேன் என்பதுகூட மிகை. கண் தொகைக்கும் கையெழுத்துக்கும் போகும். நடுவில் உள்ள இந்தச் சொல்லைத் தாண்டித்தான் போகும்.

நிலம் விற்ற பணத்தில் கொஞ்சம் எடுக்க வந்த ஒரு அம்மாள், பேரன் எழுதிக் கொடுத்திருந்த காசோலையை நீட்டினார். நீட்டியவர் கையை எடுக்கவில்லை. "இதுல செல்ப்புன்னு போட்டிருக்குதாமே, அது யாரு தம்பி?" என்று கேட்டார். சந்தேகம் நியாயமானது. தன் பணம் யாரோ ஒரு செல்ப்புக்குப் போய்ச் சேர எவர் சம்மதிப்பார்? "நீங்கதாம்மா" என்றேன். கையை எடுத்தார்.

அவருக்கு அத்துடன் விஷயம் முடிந்தது. எனக்கு முடியவில்லை. 'செல்ஃப்' என்றால் யார் என்ற கேள்விக்கு நான் எந்தப் பெயர்ச்சொல்லையும் மொழிபெயர்ப்பாகத் தரவில்லை. 'நீங்க' என்று சுட்டி, பின்னால் ஒரு 'தான்' ஒட்டினேன். பதில் முழுவதும் அந்த 'தா'னில் இருந்தது.

இந்த ஊரில் செல்ஃப் வேறு வேலைகளும் பார்க்கிறது. செங்கம் சாலையில் ரமணாசிரமப் புத்தகசாலையில் அது பெரிய எழுத்தில் தொடங்கி ஆன்மாவாக நிற்கிறது. திராவிடர் கழகச் சுவரெழுத்தில் 'சுய' ஆகி மரியாதையோடு சேர்கிறது. மெக்கானிக் கடையில் "செல்ஃப் எடுக்க மாட்டேங்குது" என்றால் பாட்டரி போய்விட்டது. சாப்பாட்டுக் கடையில் செல்ஃப் சர்வீஸ். அரசாங்க விண்ணப்பத்தில் செல்ஃப் அட்டெஸ்டேஷன். ஆங்கிலத்தில் இவை அத்தனையும் ஒரே சொல். தமிழில் ஆன்மா, தான், தன், சுய, சொந்த என்று பிரிந்து, எதிலும் அடங்காதது செல்ஃபாகவே தங்கிவிட்டது. இந்தப் பிரிவினை மொழியின் வளம் என்று மகிழ்வது சுலபம். பிரிவினையால் நாம் எதைப் பார்க்காமல் தப்பித்துக்கொண்டோம் என்பதே என் கேள்வி.

2

ஆங்கிலத்தில் இந்தச் சொல் பெயர்ச்சொல்லாகப் பிறக்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் அது 'அதே' என்ற பொருளில், இன்னொரு சொல்லை அழுத்திச் சொல்லத் துணையாக வந்தது. பிறகு அது தனியாக நிற்கக் கற்றுக்கொண்டபோது முதலில் கெட்ட பெயர்தான் வாங்கியது. சமய உபதேசங்களில் செல்ஃப் என்பது அடக்கப்பட வேண்டியது, மறுக்கப்பட வேண்டியது. 'சுயநலம்' என்று நாம் சொல்லும் 'செல்ஃபிஷ்' 17ஆம் நூற்றாண்டின் நடுவில், பிரெஸ்பிட்டேரியன் சமயச் சண்டைகளின் சூட்டில் அடிக்கப்பட்ட நாணயம். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஜான் லாக், மனிதப் புரிதல் பற்றிய தன் நூலின் 1694ஆம் வருஷத்து இரண்டாம் பதிப்பில் சேர்த்த அத்தியாயத்தில், செல்ஃப் என்பது பிரக்ஞையின் தொடர்ச்சி என்றார். நேற்றுச் செய்ததை நான் செய்தேன் என்று இன்று அறிகிற வரையில் நான் அதே ஆள். பாவத்தின் இருப்பிடமாக இருந்தது பொறுப்பின் இருப்பிடமாயிற்று. கடனுக்கும் கையெழுத்துக்கும் தண்டனைக்கும் இந்த செல்ஃப் தேவைப்பட்டது. வங்கி இன்றும் லாக்கின் செல்ஃபை வைத்தே தொழில் நடத்துகிறது.

1879இல் ஆக்ஸ்போர்டிலிருந்து மாக்ஸ் முல்லரின் உபநிஷத மொழிபெயர்ப்பு முதல் தொகுதி வெளியாயிற்று. 'ஆத்மன்' என்பதற்கு ஆங்கிலத்தில் உயிர், ஆவி என்கிற அளவில் புழங்கிய சொற்கள் இருந்தும், முல்லர் செல்ஃப் என்பதையே தேர்ந்து அதற்குக் காரணமும் சொன்னார். ஆத்மன் சமஸ்கிருதத்தில் 'தன்னை' என்று சாதாரணமாகச் சொல்லவும் பயன்படுகிற சொல். அந்த அன்றாடத்தன்மை மொழிபெயர்ப்பிலும் இருக்க வேண்டும் என்பது நியாயம். ஆனால் அன்றாடச் செல்ஃபையும் பிரம்மமாகிய செல்ஃபையும் எப்படிப் பிரிப்பது? அச்சுக்கூடம் உதவிக்கு வந்தது. முதலெழுத்தைப் பெரிதாகப் போட்டால் பரமார்த்தம், சிறிதாகப் போட்டால் வியவகாரம். அதே 1879 டிசம்பரில் திருச்சுழியில் வேங்கடராமன் என்கிற ரமணர் பிறந்தார்.

தமிழில் பெரிய எழுத்து கிடையாது. இந்த ஒரு அச்சு வசதி இல்லாததன் விளைவுகள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

3

தமிழில் 'தான்' பிரதிப்பெயர். தொல்காப்பியம் அதை உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவான விரவுப்பெயர்களில் வைக்கிறது. மனிதனும் தான், மாடும் தான். வேற்றுமை ஏற்கும்போது குறுகி 'தன்' ஆகும். முக்கியமானது, அது படர்க்கை. முன்னால் ஒருவர் குறிப்பிடப்பட்டால்தான் பின்னால் 'தான்' வர முடியும். நானும் நீயும் தனியாக நிற்போம், தான் நிற்காது. இன்னொரு வாக்கியத்தில், இன்னொருவர் வாயில், ஏற்கனவே இடம்பெற்றவனே 'தான்' ஆகிறான்.

நன்னூல் இன்னொரு படி கீழே போகிறது. அசைமொழிகளின் பட்டியலில் 'தாம், தான்' இரண்டும் இருக்கின்றன. அசை என்றால் பொருள் தராமல் வாக்கியத்தோடு ஒட்டி நிற்பது. இன்று நாம் பேசும் 'நீங்கதான்', 'அங்கேதான்' இந்த வழியில் வந்து, தேற்றம் காட்டும் இடைச்சொல்லாகிவிட்டது. ஐரோப்பாவில் தத்துவவாதிகள் தனி அத்தியாயம் எழுதிய விஷயம் நம் இலக்கணத்தில் பொருளற்ற அசையாக உட்கார்ந்திருக்கிறது. இதை நகைச்சுவையாக எடுத்துக்கொள்ளலாம், தத்துவமாகவும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டையும் செய்தவர்கள் குறைவு.

கவிதையும் இதற்கு உடந்தை. அகத்திணையில் தலைவன் தலைவி பெயர் சுட்டப்படக் கூடாது என்பது விதி. அங்கே 'யான்' என்று பேசுகிற குரல் புலவனுடையது அல்ல, ஒரு நிலைமையினுடையது. 'லிரிக்' என்பதைத் 'தன்னுணர்ச்சிப் பாடல்' என்று மொழிபெயர்த்துக்கொண்டபோது நாம் கவனிக்காதது, நம்முடைய மிகச் சிறந்த காதல் கவிதைகளில் அந்தத் 'தன்' கவிஞனைக் குறிக்கவில்லை என்பதை. 1959இல் 'எழுத்து' தொடங்கிய பிறகு புதுக்கவிதையில் 'நான்' பெருகியது. நகுலன் போன்ற ஒரு சிலரிடம் மட்டுமே அந்த நான் தன்னைச் சந்தேகிக்கவும் செய்தது. மற்றவர்களிடம் அது லாக்கின் செல்ஃப், தமிழ் வேட்டியில்.

4

1896 ஆகஸ்ட் 29இல் பதினாறு வயதுப் பையன் மதுரையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ஒரு சீட்டு எழுதி வைத்தான். அந்தச் சீட்டு தமிழ் உரைநடையில் ஒரு முக்கியமான ஆவணம் என்று நான் நினைக்கிறேன். முதல் வாக்கியம் 'நான்' என்று தொடங்குகிறது. அடுத்த வாக்கியத்தில் எழுதுகிறவன் தன்னை 'இது' என்று குறிக்கிறான். முடிவில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. நான், இது, கோடு. நாலைந்து வரிகளுக்குள் தன்மை ஒருமை அஃறிணையாகி, பிறகு எழுத்தே இல்லாமல் போகிறது. இதற்கு எந்தப் பெரிய எழுத்தும் தேவைப்படவில்லை.

அதே சீட்டில் கணக்கும் இருக்கிறது. அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்கான ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, சம்பளம் கட்டவில்லை, இரண்டு ரூபாய் இத்துடன் இருக்கிறது என்று எழுதியிருக்கிறான். 'நானை'க் கைவிடுகிறவன் பாக்கியைக் கைவிடவில்லை.

செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்து சேர்ந்ததும் அய்யங்குளத்தருகே மிச்சக் காசையும் பூணூலையும் களைந்து, தலையை மழித்துக்கொண்டான். இதைப் பிறகு நினைவுபடுத்துவேன்.

1902இல், விருபாட்ச குகையில் மௌனமாக இருந்த அவரிடம் சிவப்பிரகாசம் பிள்ளை கேள்விகள் கேட்டார். பிள்ளை தத்துவம் படித்தவர், தென்னார்க்காடு கலெக்டர் அலுவலகத்து வருவாய்த்துறை ஊழியர். பதில்கள் எழுதிக் காட்டப்பட்டன. அவரால் 1923இல் அச்சேறிய அந்த உரையாடல்தான் 'நான் யார்?' தமிழில் அந்தக் கேள்வி இரண்டே சொற்கள், வினைச்சொல் இல்லை. ஆங்கிலத்தில் நடுவில் 'இருக்கிறேன்' என்று ஒன்று புகுந்தே ஆக வேண்டும். இருக்கிறேன் என்று ஒப்புக்கொண்ட பிறகே யார் என்று கேட்க ஆங்கிலம் அனுமதிக்கிறது. தமிழில் அந்த ஒப்புதல் இல்லாமலே கேட்டுவிடலாம். ரமணர் அந்த அனுபவத்தை 'நான் நான்' என்று சொன்னதை மொழிபெயர்ப்புகள் இரண்டு 'ஐ'களை ஒரு சிறுகோட்டால் இணைத்து எழுதின. ஆங்கில வாசகனுக்கு அது மந்திரம்போல் கேட்டது. தமிழ்க்காரனுக்கு அது சாதாரண பெயர்ப் பயனிலை வாக்கியம். 'அவர் வாத்தியார்' என்பது போல 'நான் நான்'. வாத்தியார் என்றோ, பிராமணன் என்றோ, இன்னாருடைய மகன் என்றோ பயனிலையில் எதையும் வைக்க மறுக்கிற வாக்கியம்.

1934இல் பால் பிரண்டனின் 'எ ஸெர்ச் இன் சீக்ரெட் இண்டியா' லண்டனில் வெளியான பின் திருவண்ணாமலை உலகத்துக்குத் தெரிந்தது. மாக்ஸ் முல்லர் அச்சிட்ட பெரிய எழுத்தைத் தேடி வெள்ளைக்காரர்கள் ரயிலேறி வந்தார்கள். ரமணர் தமிழ்ப் பாடல்களில் பெரும்பாலும் 'தான்' என்று எழுதியது, அவர்களுக்காகப் பெரிய எழுத்துச் செல்ஃபாகப் போயிற்று. அசைச்சொல் கடல் கடந்து ஆன்மாவாகத் திரும்பி வந்தது. நாமும் அதை ஆன்மா என்றே வாங்கிக்கொண்டோம்.

1938இல் ஆசிரமச் சொத்து சம்பந்தமாக உயில் பதிவானபோது, கையெழுத்திட அவருக்குப் பெயர் இல்லை. பேனாவால் ஒரு கோடு இழுத்தார். அது செல்லுபடியாயிற்று. காசோலையில் கையெழுத்து ஒரு சுழி மாறினாலும் திருப்பி அனுப்புகிற தொழிலில் இருப்பவனுக்கு இந்தக் கோடு சங்கடமான விஷயம்.

5

இதே காலத்தில், இதே மாகாணத்தில், செல்ஃபுக்கு வேறொரு வேலை தொடங்கியது. 1925 மே 2இல் 'குடி அரசு' முதல் இதழ், அந்த ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் காங்கிரஸ் மாநாட்டிலிருந்து பெரியாரின் வெளியேற்றம், சுயமரியாதை இயக்கம்.

இந்தக் கூட்டுச்சொல்லின் துணிச்சல் இன்று பழகித் தேய்ந்துவிட்டது. கோயில் ஊரில் வாழ்கிறவன் அதை இன்னும் உணர முடியும். 'மரியாதை' கோயில் வழக்கில் பிறர் தருவது. பரிவட்டம், மாலை, முதல் மரியாதை, இரண்டாம் மரியாதை என்று வரிசைப்படித் தரப்படுவது. வரிசையில் இல்லாதவனுக்கு இல்லாதது. வடமொழியில் 'மர்யாதா' என்றால் எல்லை. ஒவ்வொருவனும் நிற்க வேண்டிய எல்லையே அவனுக்கான மரியாதை. அதன் முன்னால் 'சுய' என்று ஒட்டினால், தருகிறவன் கையிலிருந்து பரிவட்டத்தைப் பிடுங்கித் தானே கட்டிக்கொள்வதாகிறது. ஆங்கிலத்தில் 'செல்ஃப் ரெஸ்பெக்ட்' ஒரு நல்ல குணம், அவ்வளவே. தமிழில் அது சொல்லுக்குள்ளேயே நடந்த கலகம்.

அந்த 'சுய' வடசொல் என்பதில் ஒரு முரண். சுயராஜ்யத்திலும் சுதேசியிலும் புழங்கி அரசியல் சூடு ஏறியிருந்த சொல் அது. அந்தச் சூட்டை இயக்கம் வேறு அடுப்புக்கு மாற்றிக்கொண்டது. பின்னால் தனித்தமிழ் ஆர்வத்தில் தன்மதிப்பு, தன்மானம் என்று மாற்றிப் பார்த்தார்கள். அவை நல்ல சொற்கள்தாம். ஆனால் 'மரியாதை' போனதும் கோயில் வாசல் போய்விட்டது. கலகமும் பாதி போய்விட்டது.

1927இல் பெரியார் தன் பெயரிலிருந்து நாயக்கரை நீக்கினார். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு மாநாடு சாதிப் பெயர்களை விடும்படி தீர்மானம் போட்டது. புரோகிதர் இல்லாத திருமணங்கள் நடந்தன. இருவர் தங்களைத் தாங்களே தம்பதி என்று அறிவித்துக்கொள்வது செல்லாது என்று 1950களில் சென்னை உயர்நீதிமன்றம் சொல்ல, 1967இல் அண்ணா அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்து, முன்பு நடந்தவற்றையும் சேர்த்துச் செல்லுபடியாக்கியது. இன்று சான்றிதழ் நகலில் கெஜட்டட் அதிகாரியைத் தேடாமல் நாமே கையெழுத்திட்டுக்கொள்கிறோம். சுயமரியாதைத் திருமணம் அதைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, உயிருள்ள மனிதர்கள் விஷயத்தில் செய்தது.

இப்போது அய்யங்குளத்தங்கரைப் பூணூலை நினைத்துக்கொள்ளலாம். 1896இல் ஒருவர் பூணூலைக் களைந்து பெயரை விடுகிறார். 1927இல் ஒருவர் சாதிப்பெயரை விடுகிறார். பிறர் எழுதித் தந்த பயனிலையை இருவரும் வெட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே சொல்லால் பேச முடியும். தமிழில் ஒன்று ஆன்ம விசாரம், மற்றொன்று சுயமரியாதை. ஒன்று சமயப் பகுதி அலமாரி, மற்றொன்று அரசியல் பகுதி அலமாரி.

இருவரும் ஒன்றே சொன்னார்கள் என்று சமரசம் பேச நான் வரவில்லை. அது பொய். 'நான் யார்?' என்று சாவகாசமாகக் கேட்க முடிவது, ஊர் அந்தக் கேள்விக்கு ஏற்கனவே கௌரவமான பதில் வைத்திருப்பவனுக்கு. சேரியிலிருந்து வருகிறவனிடம் கேள்வி அவன் வாயிலிருந்து வருவதற்குள் பதிலை ஊர் சொல்லிவிடுகிறது. அவன் முதலில் அந்தப் பதிலை மறுக்க வேண்டும். ரமணாசிரமச் சாப்பாட்டுக் கூடத்தில் ஆசாரம் பார்க்கும் பிராமணர்களுக்குத் தனிப் பந்தி இருந்ததை அன்பர்கள் எழுதியிருக்கிறார்கள். பெரிய எழுத்துச் செல்ஃபுக்கு ஜாதி இல்லை. அதைத் தேடி வந்த சிறிய எழுத்துச் செல்ஃபுகள் பந்தி பிரித்துச் சாப்பிட்டன. எதிர்ப்பக்கத்திலும் ஒரு கேள்வி நிற்கிறது. சாதிப்பெயரை வெட்டிய இடத்தில் வேறொரு பயனிலை வந்து உட்காராமல் யார் பார்த்துக்கொள்வது? தமிழன், தொண்டன், தலைவன் என்று அந்தக் காலி இடம் எவ்வளவு வேகமாக நிரம்பியது என்பதை நாம் அறிவோம்.

6

இரண்டு செல்ஃபுகளும் ஒரு நாள் இந்த ஊரில் ஒன்றையொன்று ஏறக்குறைய உரசிப் போயின. 1949 மே மாதம், பெரிய கோயிலில் புதுப்பிக்கப்பட்ட பாதாளலிங்க சந்நிதியின் திறப்புக்காகக் கவர்னர் ஜெனரல் ராஜாஜி திருவண்ணாமலை வந்தார். 1896இல் பூச்சிகள் தொடையை அரிப்பது தெரியாமல் அந்தப் பையன் உட்கார்ந்திருந்த இடம் அது. அதே பயணத்தில், மே 14 அன்று, ரயில் நிலையத்தில் ராஜாஜியின் தனிப்பெட்டியில் பெரியார் அவரைச் சந்தித்தார். ஆசிரமத்தில் ரமணர் கையில் புற்றுக்கட்டியோடு, ஏற்கனவே இரண்டு முறை அறுவை செய்யப்பட்டு, இருந்தார். மறுவருஷம் ஏப்ரல் 14இல் மறைந்தார்.

பெட்டிக்குள் என்ன பேசினார்கள் என்று கட்சியில் கேள்வி எழுந்தது. கோவை மாநாட்டில் அண்ணா கேட்டபோது, அது சொந்த விஷயம் என்பது பெரியாரின் பதிலாயிற்று. ஜூலையில் மணியம்மையாருடன் பதிவுத் திருமணம். செப்டம்பர் 17இல் தி.மு.க. பிறந்தது. சுயமரியாதையை ஊர்ப் பொதுச்சொல்லாக்கிய இயக்கம் 'சொந்த' என்கிற சொல்லில் முட்டிப் பிளந்தது. 'சுய' பொதுவுக்கு, 'சொந்த' தனக்கு. இரண்டுமே செல்ஃப் என்று எந்த ஆங்கில அகராதியும் சொல்லும்; ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு கட்சி பிறக்குமளவு இடம் இருந்தது.

7

கடைசியாக, என் கவுண்டரில் இன்னொரு செல்ஃப் உண்டு. தர்மபுரியில் 1989இல் தொடங்கிய திட்டமும், 1992இல் நபார்டு கொண்டுவந்த வங்கி இணைப்பும் பரவி, மகளிர் சுயஉதவிக் குழு என்று கணக்கேட்டில் ஏறியது. பத்துப் பன்னிரண்டு பெண்கள், அதிகபட்சம் இருபது பேர், ஒரே கணக்கு. ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் கட்டுகிறார்கள். இங்கே 'சுய' பன்மை. ஆங்கிலச் சொல் தன் ஒருமையை இங்கே விட்டுவிடுகிறது. தமிழ் இலக்கணத்துக்குத் 'தாம்' ஏற்கனவே தெரியும். பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது அதைச் சுயசரிதை என்று வகைப்படுத்தியவர்கள் திணறியதும் இதனால்தான். அதில் 'நான்' என்று தொடங்குகிற வாக்கியங்கள் 'நாங்க' என்று முடிந்துவிடுகின்றன.

2023 ஜனவரி 30 அன்று இந்த மாவட்டத்துத் தென்முடியனூரில், பல பத்தாண்டுகள் வெளியே நிறுத்தப்பட்டிருந்த தலித் மக்கள் போலீஸ் காவலோடு முத்துமாரியம்மன் கோயிலுக்குள் போனார்கள். பொங்கல் வைத்தார்கள், கும்பிட்டார்கள். இதை எந்த அலமாரியில் வைப்பது? கடவுளைக் கும்பிடப் போனதால் சுயமரியாதை இல்லை என்பவர்களும், காவலோடு போனதால் பக்தி இல்லை என்பவர்களும் இருந்திருப்பார்கள். அன்று அந்த வாசலில் கேட்கப்பட்டது ஒரே கேள்வி. ஊர் அவர்களைப் பார்த்துக் கேட்டது, அவர்களும் ஊரைப் பார்த்துக் கேட்டார்கள்: நீங்கள் யார்? நாங்கள் யார்? ரமணரின் கேள்வியும் பெரியாரின் கேள்வியும் அங்கே தனித்தனியாக இல்லை. தனியாக வைத்திருந்தது நம் விமர்சனமும், நம் அகராதியும்.

காசோலையில் 'செல்ஃப்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'அல்லது கொணர்பவருக்கு' என்று அச்சடித்திருக்கும். அதை அடிக்காமல் விட்டால் கொண்டுவருபவருக்கும் பணம் போகலாம். அதனால் அந்த அம்மாள் கையை எடுக்காமல் கேட்டது சரிதான்.